சிலுவை போடாத கடிதம்

✝
தூத்துக்குடி
2 ஜூன் 2005

அன்புள்ள மகள் அருள்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காது மட்டும் போன வருடத்தைவிட மந்தம். உன் சுகத்தை விவரமாக எழுது.

இனிமேல் போனில் பேசச் சொல்லி ஜெராக்ஸ் கடைக்காரரை வீட்டுக்கு அனுப்பாதே. அந்தக் கருவியில் உன் குரல் தகர டப்பாவில் ஈ சுற்றுவது போலத்தான் கேட்கிறது. "என்னது, என்னது" என்று நான் கத்துவதைத் தெருவே நின்று கேட்கிறது. எழுது. எழுதத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்.

செய்தித்தாளில் பார்த்தேன். குவைத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டதாம். அங்கே அமீர் இருக்கிறார், அரசியல் சட்டமும் பாராளுமன்றமும் இருக்கின்றன. பெண்கள் மட்டும் இத்தனை வருடம் வெளியே நின்றிருக்கிறார்கள். உன் மேடம் வஸ்மியா அதற்காகத் தெருவில் இறங்கியவர் என்று எழுதியிருந்தாய். பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "உங்க மகள் பெரிய எடத்துலதான் இருக்கா" என்றார். நீ நர்ஸ் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனையில் அல்ல, ஒரு வீட்டில் என்று சொன்னதில்லை. இனிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

உன் சென்ற கடிதத்தில் இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. தலையில் சிலுவை கோணல். சிலுவை சரியில்லாத கடிதம், முகம் கழுவாமல் பூசைக்கு வந்து நிற்பது போல.

பனிமய மாதா உனக்குத் துணை.
அம்மா


✝
மங்காஃப்
குவைத்
24 ஜூன் 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நான் நலம். வெயில் ஐம்பதைத் தொடுகிறது. தூசிக் காற்று அடிக்கும் நாளில் ஜன்னல் விளிம்பெல்லாம் ஈரத்துணி வைக்கிறோம். நீங்கள் இரவு மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

மேடத்தின் தாயார் இன்னும் படுக்கையில்தான். ஊசி, மருந்து, உடம்பு துடைத்துவிடுவது எல்லாம் நான். மற்ற வேலை மீனாம்பாள். இலங்கையில் பதுளைத் தோட்டத்துப் பெண், இருபத்திரண்டு வயது. ஓட்டுரிமைக்காக மேடம் விருந்து வைத்தார். இருநூறு பெண்கள் வந்தார்கள்; சாம்பிராணிப் புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மீனாம்பாள் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, "அக்கா, மேடத்துக்கு ஓட்டு வந்துருச்சு. நமக்கு வாசக்கதவுச் சாவி வந்தாப் போதும்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பேரீச்சம்பழத் தட்டு சரிந்தது. சாவி மேடத்தின் தம்பியிடம் இருக்கிறது. எங்கள் பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரியில். பத்திரமாக இருக்கும் என்கிறார்.

வெள்ளிக்கிழமைகளில் அகமதி ஊரில் இருக்கும் நம் மாதா கோயிலுக்கு டிரைவர் சதக்கத்துல்லா அண்ணன் எங்களை ஏற்றிப்போகிறார். நம் காயல்பட்டணத்துக்காரர். கடிதங்களைத் தபாலில் சேர்ப்பதும் அவர்தான்.

உங்கள் கான்வென்ட் போர்டிங் கதையை மீனாம்பாளிடம் சொன்னேன். மதர் சுப்பீரியர் எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படிப்பார், அதனால் 'சுகமாக இருக்கிறேன்' என்று பொய் எழுதவேண்டி வந்தால் பிள்ளைகள் தலையில் சிலுவை போடாமல் விடுவார்கள், வீட்டில் புரிந்துகொள்வார்கள் என்று சொல்வீர்களே, அது. அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒங்கம்மா பெரிய ஆளுதான்" என்றாள்.

இந்தக் கடிதத்தில் சிலுவையை அடிக்கோல் வைத்துப் போட்டிருக்கிறேன்.

அன்பு மகள்
செல்வி


✝
தூத்துக்குடி
10 ஜூலை 2005

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். மாத்திரையை நினைவுபடுத்த எனக்கு ஆள் வேண்டாம்.

அந்தச் சிலுவை வேலை செய்தது என்னோடு படித்த மார்செலின், நான் அல்ல. தூக்கம் வராத பிள்ளைக்குச் சொன்ன கதையை அந்நிய நாட்டில் வேலைக்காரப் பெண்ணிடம் விரித்து வைத்திருக்கிறாய். கன்னியர் எங்கள் கடிதத்தைப் படித்தார்கள் என்றால் எங்கள் நன்மைக்காகப் படித்தார்கள். எங்கள் பெட்டிச் சாவிகூட மதர் சுப்பீரியர் இடுப்பில்தான் தொங்கும். பொறுப்புள்ள தலைவி அப்படித்தான் இருப்பாள். பாஸ்போர்ட்டைப் பற்றி முணுமுணுக்காதே.

எனக்கு இருபத்தோரு வயதிலிருந்து ஓட்டு இருக்கிறது. உன் அப்பா காட்டிய சின்னத்தில் குத்திவிட்டு வருவேன். அவர் போனபிறகு வந்த தேர்தலில் மறைப்புக்குள் போய் வெகுநேரம் நின்றேன், வெளியே இருந்த அதிகாரி "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டார். உன் மேடத்துக்கு அப்படி ஒருவர் காட்டித் தரவேண்டியதில்லை. அவரைப் பார்த்து நடந்துகொள்.

அம்மா


✝
மங்காஃப்
26 மே 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்துமஸுக்குப் பிறகு எழுதாமல் இருந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். கிறிஸ்துமஸுக்கு மேடம் உங்களுக்கு அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மேடத்திடம் சொன்னேன். மகிழ்ந்தார்.

இந்தக் கடிதத்தைச் சதக்கத்துல்லா அண்ணனிடம் கொடுக்கவில்லை. கோயிலில் ஒரு நர்ஸிடம் கொடுக்கிறேன்.

பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். ஜூன் 29 தேர்தல். மேடம் நிற்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று பெரிய கூடாரம் போட்டிருக்கிறது. சென்ற வாரம் மீனாம்பாளின் இடது கை உடைந்தது. படியில் விழுந்தாள் என்கிறார்கள். நான் நர்ஸ், அம்மா. படியில் விழுந்தவளின் கழுத்தில் விரல் தடம் இருக்காது. கட்டுப் போடும்போது "படியிலதான் விழுந்தியா?" என்று கேட்டேன். "படிதான் அக்கா. அந்தப் படிக்கு மீசை இருந்துச்சு" என்றாள். இந்த வீட்டில் மீசை உள்ளவர் மேடத்தின் தம்பி ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மேடத்திடம் அனுமதி கேட்டேன். "ஒரு மாதம் பொறு, செல்வி. ஆஸ்பத்திரி என்றால் போலீஸ் கேட்கும். போலீஸ் என் வாசலுக்கு வந்தால், வீட்டை ஆளத் தெரியாதவள் நாட்டை ஆள வந்துவிட்டாள் என்று ஆண்கள் சிரிப்பார்கள். நான் ஒருத்தி தோற்றால் பரவாயில்லை, எல்லாப் பெண்களும் தோற்பார்கள்" என்றார். அழுதார், அம்மா. பொய்யாக அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு மாதத்தில் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும். ஜூன் 16, வெள்ளிக்கிழமை, பெரிய கூட்டம். வீட்டில் எல்லோரும் போய்விடுவார்கள். அன்று நானும் மீனாம்பாளும் வழக்கம்போலக் கோயிலுக்குப் போவோம். அங்கிருந்து அவளை அவள் நாட்டுத் தூதரகத்துக்குக் கூட்டிப்போவேன். பிறகு நானும் இந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. யாரிடமும் சொல்லாதீர்கள். சாமியாரிடம்கூட வேண்டாம்.

செல்வி


✝
தூத்துக்குடி
6 ஜூன் 2006
கூரியர் மூலம், ஆங்கிலத்தில் எழுதியது

மதிப்புக்குரிய மேடம் வஸ்மியா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். தங்கள் கிறிஸ்துமஸ் கடிதம் என் கூடத்தில் இருக்கிறது. அந்தக் காகிதமும் கையெழுத்தும் என் பள்ளி நாட்களை நினைவூட்டுகின்றன.

என் மகள் இளகிய மனம் கொண்டவள். மீனாம்பாள் என்ற பெண்ணின் கை பற்றி எனக்கு எழுதியிருந்தாள். பதினாறாம் தேதி கோயிலுக்குப் போகும் சாக்கில் அவளைத் தூதரகத்துக்கு அழைத்துப்போக எண்ணியிருக்கிறாள். தங்களைப் போன்ற ஒரு பெண்மணியின் வீட்டிலிருந்து அவர்கள் ஒளிந்து போகவேண்டிய அவசியம் என்ன? அந்தப் பெண்ணைத் தாங்களே மருத்துவரிடம் அனுப்பிவைத்தால் தங்கள் பெயர் உயருமே அன்றித் தாழாது. படித்த பெண்கள் நமக்குள் மனம் திறந்து பேசித் தீர்க்க முடியாதது எதுவும் இல்லை.

தேர்தலில் தாங்கள் வெற்றிபெற நான் ஜெபமாலை சொல்லிவருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள
திருமதி திரேசா மச்சாது


மங்காஃப்
18 ஜூன் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மேடம் உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். உங்கள் ஆங்கிலத்தைப் பாராட்டினார். நான் மீனாம்பாளின் கையைப் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அது சாதாரணச் சுளுக்கு. மேடம் அவளைத் தம் செலவில் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டார். நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். மேடத்தின் தாயாருக்கு உடல்நிலை சரியில்லாததால் கொஞ்ச நாளைக்குக் கோயிலுக்குப் போக நேரமிருக்காது.

இந்தக் கடிதத்தைக் கவனமாக எழுதியிருக்கிறேன், அம்மா. நீங்கள் பிழை பார்ப்பீர்கள் என்று தெரியும். மேலிருந்து கீழ்வரை நன்றாகப் பாருங்கள்.

அன்பு மகள்
செல்வி


✝
தூத்துக்குடி
3 ஜூலை 2006

மகளுக்கு,

நான் சுகம்.

மேலிருந்து கீழ்வரை பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். தலையில் சிலுவை இல்லை. கோயிலுக்குப் போக நேரமில்லை என்று ஒரு வரி. அதற்கு மேலே சிலுவை போடவும் நேரமில்லை. இரண்டு வருடத்தில் ஞானஸ்நானத்தைக்கூட மறந்துவிட்டாயா? சிலுவை இல்லாத கடிதத்தை இனி நான் படிக்கமாட்டேன். அடுத்த கடிதத்திலிருந்து ஒழுங்காகப் போட்டு எழுது.

நான் மேடத்துக்கு எழுதியதில் உனக்குக் கோபம் இருக்கலாம். ஆனால் பார், அந்தப் பெண் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாள். ஒளிந்து ஓடியிருந்தால் இது நடந்திருக்குமா?

பத்திரிகையில் முடிவு வந்திருந்தது. அங்கே ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. மேடத்துக்கு என் வருத்தத்தைச் சொல்.

அம்மா


✝
மங்காஃப்
21 ஜூலை 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

நீங்கள் சொன்னபடி சிலுவை போட்டிருக்கிறேன். இனி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். மேடம் தேர்தலுக்குப் பிறகு ஓய்வில் இருக்கிறார். என்னைத் தம் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறார். நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்.

இனி என் கடிதங்களில் நீங்கள் எதையும் தேடவேண்டியதில்லை.

செல்வி


மங்காஃப்
25 ஜூலை 2006

மரியாதைக்குரிய நர்ஸம்மாவின் தாயாருக்கு,

டிரைவர் சதக்கத்துல்லா எழுதும் மடல். அல்லாஹ் உங்களுக்கு நல்ல ஆரோக்கியத்தைத் தரட்டும். இதைத் தபாலில் போட எனக்குத் தைரியமில்லை. ஊருக்கு லீவில் போகும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். காயல்பட்டணத்திலிருந்து என் வீட்டுக்காரி அஸ்மத் பீவி நேரில் வந்து உங்கள் கையில் தருவாள். பதிலையும் அவளிடமே கொடுங்கள்.

உங்கள் தமிழ்க் கடிதங்களை மேடத்துக்கு அரபியில் வாசித்துச் சொல்வது நான்தான். ஜூன் மாதத்திலிருந்து அதுவும் என் டூட்டி. நர்ஸம்மா எழுதுவதையும் வாசித்துக் காட்டவேண்டும். மேடம் வரிவரியாகச் சொல்கிறார், நர்ஸம்மா எழுதுகிறார், ஒரு சொல் கூடியிருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். கடைசி இரண்டு மூன்று வரியை மட்டும் நர்ஸம்மாவே எழுத விடுகிறார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் விசாவும் அதே அலமாரியில் இருக்கிறது.

மீனாம்பாளை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அம்மா. மேடத்தின் தம்பி முன்சீட்டில் இருந்தார். பாலைவனப் பக்கம் ஜஹ்ராவைத் தாண்டி ஒரு வீட்டு வாசலில் இறக்கச் சொன்னார். உடைந்த கையைச் சால்வையில் கட்டியிருந்தாள். இறங்கும்போது "அண்ணே, இது எந்த ஊரு?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. கேட்டைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் மாஃபி, இல்லவே இல்லை.

வீட்டுப் பேச்சு வெளியே போனதால்தான் அக்கா தோற்றாள் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறார். மேடம் இப்போது அவரை எதிர்த்து வாய் திறப்பதில்லை. மேடத்தின் தேர்தல் காகிதமெல்லாம் கார் ஷெட்டில் கிடக்கிறது. நர்ஸம்மாவின் கைபேசியை வாங்கிக்கொண்டார்கள். கோயில் கிடையாது. பாதியாக இளைத்துவிட்டார். ரமலான் தொடங்கும் முன் அவரையும் வேறு வீட்டுக்கு மாற்றவேண்டும் என்று தம்பி போனில் பேசியதை வண்டி ஓட்டும்போது கேட்டேன். எந்த வீடு என்று சொல்லவில்லை.

இன்னொன்று. சிலுவை பற்றி நீங்கள் எழுதியதை நான் வாசித்ததும் நர்ஸம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மேடம் என்ன என்று கேட்டார். கிறிஸ்தவர்கள் கடிதத்தின் தலையில் போடுவது, மறந்துவிட்டார் என்றேன். "போடச் சொல்" என்றார். நர்ஸம்மா போட்டார். முகத்தை மூடிய காரணம் எனக்கு விளங்கவில்லை. நான் காகிதத்தை மடிக்கும்போது, "அண்ணே, எங்கம்மா பிழையத் திருத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு
சதக்கத்துல்லா


✝
தூத்துக்குடி
16 ஆகஸ்ட் 2006

தம்பி சதக்கத்துல்லாவுக்கு,

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும். உங்கள் மனைவி வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், நான் படித்து முடிக்கும்வரை என் பக்கத்தில் நின்றார். இந்தப் பதிலை வாங்கிப்போக மறுபடியும் வந்திருக்கிறார்.

காரணம் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் சிலுவை இல்லாத கடிதம் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் பொய், என்னைக் காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். அதை என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். போர்டிங்கில் அப்படி எழுதியதும் நான்தான். வேறு ஒருத்தி செய்தாள் என்று அவளிடமே மறுத்தேன். பன்னிரண்டு வயதில் காய்ச்சலோடு முழங்காலில் நிறுத்தியபோது எழுதினேன். மூன்றாம் நாள் என் தகப்பனார் வந்து என்னை வீட்டுக்குத் தூக்கிப்போனார்.

அவர் புரிந்துகொண்டார். நானும் புரிந்துகொள்ளாமல் இல்லை, தம்பி. அந்தக் கடிதத்தைப் பிரித்தவுடன் நெஞ்சில் குத்தியது. ஆனால் அதை நம்பினால், மேடத்துக்கு நான் எழுதிய கடிதம் என்ன செய்திருக்கிறது என்பதையும் நம்பவேண்டும். அதைவிட மகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. திட்டினேன். அவள் கையில் இருந்த ஒரே கதவையும் சாத்தினேன்.

மேடத்தின் கடிதத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

இப்போது செய்யவேண்டியது. ஆயரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் அகமதி கோயிலுக்குப் பேசினார். அவர்கள் நம் தூதரகத்தில் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்து அவளை அழைத்துவர யாருக்கும் முடியாது. ஆனால் கேட்டுக்கு வெளியே அவள் கால் பட்டுவிட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பாஸ்போர்ட் இல்லாமலே ஊருக்கு அனுப்பத் தூதரகம் காகிதம் கொடுக்கும். செப்டம்பர் 8 வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலைகளில் குடும்பத்தார் தாங்களே வண்டி ஓட்டிக் கடற்கரை வீட்டுக்குப் போவார்கள், கேட்டுச் சாவி அப்போது உங்களிடம் இருக்கும் என்று உங்கள் மனைவி சொன்னார். காலை பத்து மணிக்குக் கோயில் ஆட்கள் வண்டியோடு தெரு முனையில் நிற்பார்கள். மீனாம்பாளை இறக்கிய வீட்டின் அடையாளத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். அவளுக்கும் எங்கேயோ ஒரு தாய் கடிதத்துக்குக் காத்திருப்பாள்.

கேட்டைத் திறந்து வைக்க உங்களால் முடியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதி இல்லை. நாளும் நேரமும் மட்டும் சொல்கிறேன்.

செல்விக்குத் தனியாக ஒரு கடிதம் தபாலில் வரும். வழக்கம்போல மேடத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். குரல் மாறாமல் வாசியுங்கள். பிறகு காகிதத்தை அவள் கையில் கொடுங்கள். காதால் கேட்பவருக்குக் கடிதத்தின் தலையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

திரேசா மச்சாது


தூத்துக்குடி
22 ஆகஸ்ட் 2006

அன்புள்ள மகள் அருள்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் மிகவும் சுகம். இப்போதெல்லாம் காதுகூட நன்றாகக் கேட்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. அதில் ஒரு குறையும் இல்லை. மேடம் உன்னைத் தம் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்வது எனக்கு நிம்மதி. அவரைப் போன்ற ஒருவரின் வீட்டில் நீ இருப்பது என் பாக்கியம். அவருக்கு நான் ஜூன் மாதத்தில் எழுதிய கடிதத்தை நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை.

மீனாம்பாள் ஊர் போய்ச் சேர்ந்தாள் என்று நீ எழுதியதை முழுக்க நம்புகிறேன்.

செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள். இந்த வருடம் வெள்ளிக்கிழமையில் வருகிறது. கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று வருத்தப்படாதே. அன்று காலை பத்து மணிக்கு நீ மேடத்தின் தாயார் கட்டிலருகிலேயே இரு. அதுவே பூசை. வாசல் பக்கம் உனக்கு ஒரு வேலையும் இல்லை.

இங்கே உன் அறை பூட்டியே கிடக்கிறது. மெத்தையை வெயிலில் போடவில்லை. உன்னை நினைத்து எனக்குக் கவலை இல்லை. நீ வருவாய் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

அம்மா